மாப்பிள்ளையின்ர தமக்கை

எங்கட சங்கத்து மண்டபம் என்ர மகளின்ர கலியாணத்துக்கு இல்லையாம். சங்கச் செயலாளர் போனில சொன்னார், அதுவும் கடையில பாண் முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லுற மாதிரி. நான் அப்ப மொன்ட்ரியாலில, கோட்-டெ-நெய்ஜில பஸ்ஸுக்கு நிண்டுகொண்டிருந்தன். ஏன் இல்லை எண்டு கேட்டன். போன கிழமைக் கூட்டத்தில புதுசா ஒரு தீர்மானம் எடுத்திருக்கினமாம். பண்பாட்டைக் காப்பாத்த வேணுமாம், வேற இனத்து ஆக்களோட நடக்கிற கலியாணத்துக்கு இனி மண்டபம் குடுக்கிறேல்லையாம். அப்ப பொருளாளரின்ர மகள் வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டினது எங்க, ஆகாயத்திலயோ எண்டு கேட்டன். அது வேற அக்கா எண்டார். எனக்கு வந்த கொதியில பஸ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அது வேறதான். என்ர மகள் கட்டப்போறது ஹெயிட்டிக் குடும்பத்துப் பெடியன். இஞ்சதான் பிறந்து வளந்தவன், மகள் வேலைசெய்யிற ஆஸ்பத்திரியிலயே தாதியா இருக்கிறான். வீட்டுக்கு வந்தா சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா ஓரமா வைப்பான், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிப்போட்டுத்தான் போவான். எங்கட பெடியள் ஆர் கழுவுறாங்கள்? எங்கட சனத்துக்கு உதொண்டும் கண்ணில படாது. 'கறுவல்' எண்டு ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு, பேந்து தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு மற்றக் கதையைக் கதைக்குங்கள்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த சங்கத் தலைவர் ஆர் எண்டு நினைக்கிறியள்? என்ர மனிசனின்ர கூடப்பிறந்த ஒரே அண்ணை. நான் பெரியத்தான் எண்டு கூப்பிடுறது. ஆத்துக்கு அங்கால புரோசார்டில பெரிய வீடு, அந்த முறை அங்கத்தை நகரசபைத் தேர்தலுக்கும் நிண்டவர். அவற்ர படம் ஒவ்வொரு லைற் கம்பத்திலயும் தொங்கினது. ஒரு கறுப்புக் குழந்தையைத் தூக்கி வைச்சுக்கொண்டு சிரிக்கிறார், எல்லாரும் ஒரு குடும்பம் எண்டு கீழ பிரெஞ்சில எழுதியிருக்கு. பிரெஞ்சு மைக்குக்கு ஒரு கதை, தமிழ் மைக்குக்கு வேறொரு கதை. தமிழ் மேடையில ஏறினா எங்கட இரத்தம் கலக்கக்கூடாது, எங்கட பெட்டையளைக் காப்பாத்துங்கோ எண்டு கையை உயத்திக் கத்துவார். சனமும் கை தட்டும். நானும் அந்தக் கதிரையள்ள இருந்திருக்கிறன், வடைக்காக.

மண்டபம் போனாப் போகட்டும், மொன்ட்ரியாலில மண்டபத்துக்கோ பஞ்சம். என்ர மனிசன்தான் பிரச்சினை. அவையின்ர தேப்பன் வேளைக்குச் செத்துப்போக, இவரைப் படிப்பிச்சது, கனடாவுக்குக் கூப்பிட்டது, வேலை எடுத்துக் குடுத்தது எல்லாம் அண்ணை. அண்ணை இருமினா இவருக்குத் தடிமன் வந்திடும். செயலாளர் சொன்னதை நான் வந்து வீட்டில கொட்ட, இவர் ரீவியை நிப்பாட்டிப்போட்டு அண்ணை வராத மணவறையில நான் எப்பிடி நிக்கிறது எண்டார். சொந்த மகளுக்குக் கன்னிகாதானம் செய்யிற கையை அண்ணையின்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கிற மனிசன்! மகள் அழேல்லை. அப்பா நிக்காட்டி எனக்கு மணவறையும் வேண்டாம் தாலியும் வேண்டாம், நாங்கள் இரண்டுபேரும் போய்க் கையெழுத்து வைச்சிட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போட்டாள். சின்னனிலயிருந்து அப்பா அப்பா எண்டு திரிஞ்ச பிள்ளை.

இதுக்கு முன்னம் நடந்த ஒரு விசயத்தையும் சொல்லவேணும், அப்ப எனக்கு அது விளங்கேல்லை. மாப்பிள்ளை ஆர் எண்டு பெரியத்தானுக்கு முதன்முதல் சொன்ன நாள், அவர் எங்கட ஆக்கள் கேக்கிற மாதிரியே எல்லாம் கேட்டார். எந்த இடம், எந்தத் தெரு, தாய் என்ன வேலை. மொன்ட்ரியால்-நோர், தாய் முந்தி பிள்ளையள் பாக்கிற கார்டெறியில வேலை எண்டன். மனிசன் கேக்குத் துண்டைக் கோப்பையில வைச்சிட்டார். பேந்து மெல்லமா, மாப்பிள்ளைக்குச் சகோதரம் இருக்கோ எண்டார். ஒரு தமக்கை, தாயின்ர முதல் பிள்ளை, தேப்பன் வேற எண்டன். அப்ப அவதான் தோழியா நிப்பா என்ன எண்டு கேட்டார். ஓம் எண்டன். மாப்பிள்ளையின்ர சகோதரிதானே எங்கடேக்க தோழி, பொம்பிளைக்குப் பின்னால மணவறையில நிண்டு தாலி முடிச்சுக்குக் கை குடுக்கிறது. பரவாயில்லை, மனிசன் சடங்கையெல்லாம் யோசிக்குது எண்டு நான் சந்தோசப்பட்டன், மடைச்சி.

செப்ரெம்பரில ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின்ர தாய் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவ. என்ர மனிசனுக்குத் தலையிடியாம், வரேல்லை. நானும் மகளும் பலகாரம் சுட்டுக்கொண்டு போனம். வெளிப்பக்கத்தால இரும்புப் படி ஏறிப்போற மூண்டாம் மாடி வீடு. தாய் சேர்ச்சில பூசை முடிஞ்சு வந்த வெள்ளைச் சட்டையோட என்னைக் கட்டிப்பிடிச்சு இரண்டு கன்னத்திலயும் கொஞ்சினா. மாப்பிள்ளையின்ர தேப்பன் இல்லை, செத்து ஐஞ்சாறு வரியம். மேசையில சிவத்த அவரைக்கொட்டைச் சோறு, வாழைக்காய்ப் பொரியல், நடுவில ஒரு சட்டி நிறைய ஆட்டிறைச்சி. நான் இறைச்சியை அள்ளி வாயில வைச்சன்.

கடவுளே, எனக்கு அதை எப்பிடிச் சொல்லுறது! அது எங்கட கறித்தூள். கடைத்தூள் இல்லை, யாழ்ப்பாணத்துத் தூளும் எண்டில்லை, எங்கட பெரியத்தானின்ர மனிசி, நான் அக்கா எண்டு கூப்பிடுறவ, ஒவ்வொரு ஓகஸ்ற்றும் கராஜுக்குள்ள வைச்சு வறுக்கிற தூள். வீட்டுக்குள்ள வறுத்தா அலாரம் அடிக்கும் எண்டு கராஜுக்குள்ள அடுப்பு வைச்சு, மூக்கில துணியைக் கட்டிக்கொண்டு நிப்பா. வெந்தயத்தை மற்றவை சிவக்க வறுத்தா இவ கிட்டத்தட்டக் கருக்கிப்போடுவா. அதால கறி தொண்டையால இறங்கேக்க கடைசியில ஒரு சின்னக் கைச்சல் நிக்கும். அக்கா கருக்கிப்போட்டா எண்டு நாங்கள் நெடுகப் பகிடி பண்ணுறது, ஆனா வேற தூளில சமைச்சா எங்கட வீட்டில ஒருத்தரும் வாயில வைக்காயினம். தயிர் வாளியில அடைச்சு சொந்தக்காரருக்கு மட்டும்தான் குடுப்பா. அந்தக் கைச்சல் மொன்ட்ரியால்-நோரில, ஒரு ஹெயிட்டிக்காரியின்ர சட்டிக்குள்ள நிக்குது.

ஆர் சமைச்சது எண்டு கேட்டன். மகள்தான் எண்டு தாய் சொல்லவும், குசினிக்குள்ளயிருந்து மாப்பிள்ளையின்ர தமக்கை கையைத் துடைச்சுக்கொண்டு வரவும் சரியா இருந்தது. அதுவரைக்கும் நான் அவவைப் படத்திலயும் கண்டதில்லை. நிறம் தாயின்ர நிறம். ஆனா அந்த நெத்தி, அந்தக் கூட்டுப் புருவம், ஒண்டுக்குமேல ஒண்டு ஏறி நிக்கிற முன்பல்லு, எல்லாம் பெரியத்தானை உரிச்சு வைச்சிருக்கு. லைற் கம்பத்தில தொங்கிற அந்தச் சிரிப்பு அப்பிடியே எனக்கு முன்னால நிண்டு போன்ஜூர் எண்டு சொல்லுது. நான் கதிரையை இறுக்கிப் பிடிச்சன்.

அவ புத்திசாலி. என்ர முகத்தைக் கண்டதும் விளங்கியிட்டுது. பூச்சட்டி காட்டுறன் எண்டு என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், இங்கிலீசும் பிரெஞ்சும் கலந்து எல்லாத்தையும் சொன்னா. தன்ர அப்பா, எங்கட பெரியத்தான், அகதியா வந்து இறங்கின காலத்தில இந்தத் தெருவிலதான் ஒரு அறையில இருந்தவராம். தாயோட பழகி, இவ பிறந்து, பேந்து ஊரில கட்டின மனிசி வந்து சேர, அவர் ஆத்துக்கு அங்கால போட்டாராம். ஆனா ஒவ்வொரு கோடை முடியேக்கயும் தம்பி வீட்டில இல்லாத நேரமாப் பாத்து ஒரு தயிர் வாளித் தூளோட வந்து ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போவாராம். தன்ர பிள்ளை கடைத்தூள் சாப்பிடக்கூடாதாம்! ஊர் முழுக்க இரத்தம் இரத்தம் எண்டு கத்துற மனிசன், தன்ர இரத்தத்துக்குக் களவாத் தூள் காவியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பிடிச்சு நாலு சாத்துச் சாத்தவேணும் போலயும் வந்தது.

என்ர மகளின்ர போனில எங்கட குடும்பப் படத்தைக் கண்ட அண்டைக்கே தனக்குத் தெரியும் எண்டா. தாய்க்கும் தம்பிக்கும் சொல்லேல்லையாம், கலியாணம் குழம்பிப்போகும் எண்டு. ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு நான் கேட்டன். அவ பூச்சட்டியைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னா, "நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. என்னை ஒருத்தரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்."

திரும்பி வரேக்க பஸ்ஸில என்னால இருக்க ஏலேல்லை, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதான் வந்தன். மகளுக்கு அங்கயே சொன்னன். முதலில பெரிசாச் சிரிச்சாள், பேந்து யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கெண்டா உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. தேர்தல் வருகுது, கையில இப்பிடி ஒரு சங்கதி! சங்கத்துக் கூட்டத்தில அந்த மைக்கைப் பறிச்சுச் சொன்னா எப்பிடியிருக்கும் எண்டு யோசிச்சு யோசிச்சு இறங்கிற இடத்தையும் விட்டிட்டன்.

அக்காவை நினைக்கத்தான் வாய் மூடிச்சுது. அந்த மனிசி தூளை வறுக்குது, புருசன் அதை அள்ளிக்கொண்டு போய் மற்ற வீட்டில குடுக்கிறான். அவவுக்குத் தெரியாம நான் ஊருக்குச் சொல்லக்கூடாது எண்டு அடுத்த நாளே ரெயில் எடுத்து புரோசார்டுக்குப் போனன். பெரியத்தான் வோட்டுக் கேக்கப் போட்டார். அக்கா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா. நான் கண்ணீரும் கம்பலையுமா, அக்கா நீங்கள் இருந்துகொண்டு கேளுங்கோ எண்டு தொடங்கி ஆட்டிறைச்சி வரைக்கும் சொல்லி முடிச்சன். அவ கத்தியைக் கீழ வைக்கேல்லை.

"அந்தப் பிள்ளைக்கு உறைப்புக் கூடாது. அதுக்கு நான் தனிய வறுக்கிறனான்" எண்டா.

நான் சுமந்துகொண்டு வந்த குண்டு அவவின்ர குசினியில எத்தினையோ காலமாக் கிடக்குது! அவ கனடாவுக்கு வந்த முதல் குளிருக்குள்ளயே பெரியத்தான் அழுது சொன்னவராம். பிள்ளையைக் கைவிட்டா நான் அடுத்த பிளேன் ஏறிப் போயிடுவன் எண்டு அவ சொன்னவவாம். தூள் குடுக்கிற யோசினையும் அவவின்ரதானாம். கூட்டிக்கொண்டு வாங்கோ, இஞ்ச வளரட்டும் எண்டும் சொன்னவவாம், அதுக்கு மட்டும் அவர் சம்மதிக்கேல்லை. "அவருக்கு என்னில பயமில்லை. சனம் பாக்கும் எண்டுதான் பயம். தோழியா நிண்டா எல்லாரும் முகத்தைப் பாப்பினம்தானே" எண்டா. அப்பதான் எனக்கு எல்லாம் ஓடி வெளிச்சது. தாலி கட்டேக்க வீடியோக்காரன் கமராவை நீட்டுறது பொம்பிளைக்கும் பின்னால நிக்கிற தோழிக்கும் நேரதான். அந்த முகம் அங்க நிண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எங்கட பண்பாட்டைக் காப்பாத்த வந்த தீர்மானம் இல்லை அது, அவற்ர முகத்தைக் காப்பாத்த வந்த தீர்மானம்.

தன்ர மனிசனுக்குத் தானாச் சொல்லுறதுக்கு ஒரு வழியை விடு, என்ர மனிசனிட்ட இப்ப சொல்லாத எண்டு அக்கா கேட்டா. அவவுக்காக நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். சும்மா இருக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு என்னைத் தெரிஞ்ச ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ.

வழியை விட்டதுக்குப் பெரியத்தான் என்ன செய்தார்? ஒரு சனிக்கிழமை பழத்தட்டும் கையுமா எங்கட வீட்டுக்கு வந்தார். தம்பி, யோசிச்சன், எங்கட பிள்ளை, எங்களை விட்டா ஆர் இருக்கினம் எண்டு தேன் ஒழுகக் கதைச்சார். மண்டபம் தாறாராம். தானே முன்னுக்கு நிண்டு நடத்துறாராம், சங்கத்தைத் தான் பாத்துக்கொள்ளுறாராம். என்ர மனிசனின்ர முகம் அப்பிடி மலந்து நான் வரியக்கணக்காக் காணேல்லை. மகளும் எட்டிப் பாத்தாள். நாங்கள் கேட்டது எல்லாம் மேசையில இருக்குது, மண்டபம், பெரியப்பா, அப்பா. பேந்து தேத்தண்ணிக் கோப்பையைச் சுத்திக்கொண்டு, ஒரு சின்ன விசயம் எண்டார். தோழியா மாப்பிள்ளையின்ர தமக்கை வேண்டாமாம், வேற ஆரும் எங்கட பெட்டையை விடலாமாம். அவவைக் கலியாணத்துக்குக் கூப்பிடாம விட்டா இன்னும் நல்லதாம்.

நான் பொறுத்தது காணும். "அவ ஆர் எண்டு எனக்குத் தெரியும் பெரியத்தான்" எண்டன். "அவவின்ர கையால சாப்பிட்டனான். உங்கட வீட்டுத் தூள்."

மறுக்கேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். தலையைக் குனிஞ்சு கோப்பைக்குள்ள பாத்தார். என்ர மனிசன் அவரைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார், திரும்பி அவரைப் பாக்கிறார். பிள்ளையோ அண்ணை எண்டு மட்டும் கேட்டார். பெரியத்தான் அதுக்கு மறுமொழி சொல்லாம, நான் உனக்குச் செய்யாதது என்ன தம்பி எண்டு கேட்டார். அது பழைய பூட்டு. அந்தச் சாவியைப் போட்டா என்ர மனிசன் எப்பவும் திறக்கும். அண்டைக்கும் எழும்பி, வழமை மாதிரி அண்ணையைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டிட்டு வந்தார். எனக்கு அந்தப் பழத்தட்டைத் தூக்கி எறியவேணும் போல இருந்தது.

மகள்தான் முடிவைச் சொன்னாள். என்ர மச்சாள் நிக்காத மணவறை எனக்கு வேண்டாம், அப்பா வாறதும் விடுறதும் அவற்ர விருப்பம் எண்டாள். மாப்பிள்ளையாக்கள் போற சேர்ச்சில கீழ் மண்டபத்தைத் தந்திச்சினம். தேர்தலுக்கு முதல் சனிக்கிழமைதான் நாள். என்ர மனிசன் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். நானும் கேக்கேல்லை, கேட்டா என்ன வருமோ எண்ட பயம்.

கலியாண நாள் விடியவே எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு எங்கயோ போட்டார். போன் அடிச்சா எடுக்கிறாரில்லை. மண்டபத்தில ஐயர் வேதக்கோயில் எண்டு முதலில முகத்தைச் சுழிச்சவர், பேந்து மாப்பிள்ளையின்ர தாய் குடுத்த கோப்பியைக் குடிச்சிட்டுச் சந்தோசமாகியிட்டார், ஆனா ஓமப் புகைக்கு அலாரம் அடிக்குமோ எண்டு மேல பாத்துப் பாத்து மந்திரம் சொன்னார். ஹெயிட்டிச் சனம் மேளத்துக்குத் தோளை ஆட்டுது, எங்கட பெடியள் அதைப் பாத்துத் தாங்களும் ஆடுறாங்கள். எங்கட சனத்தில பாதி வந்திருந்தது, கலியாணத்துக்குப் பாதி, புதினம் பாக்கப் பாதி. மகள் கூறை மாத்த முதல் கட்டுற சேலையில வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். கன்னிகாதானத்துக்குத் தேப்பனைக் கூப்பிடுங்கோ எண்டு ஐயர் சொல்ல, நான் திரும்பவும் போனை அடிச்சன்.

அந்த நேரம் வாசலால வேட்டியோட வாறார் என்ர மனிசன், பின்னால பட்டுச்சேலைப் பெட்டியோட அக்கா! அண்ணையைக் கடைசியா ஒருக்காக் கேட்டுப் பாக்க புரோசார்டுக்குப் போயிருக்கிறார். அண்ணை அறையைப் பூட்டிக்கொண்டு இருக்க, அக்கா மட்டும் வெளிக்கிட்டு வந்திட்டா. எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது, சபை எண்டு அடக்கிக்கொண்டன். அவர் மகளின்ர கையைப் பிடிச்சு மாப்பிள்ளையின்ர கையில வைக்க, நான் தண்ணி வாத்தன். அக்கா பக்கத்து அறையில அந்தப் பிள்ளைக்குச் சேலை கட்டி, மடிப்பு மடிப்பாக் கொய்யகம் பிடிச்சு, தலையில பூ வைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தா. கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளையின்ர தமக்கை பொம்பிளைக்குப் பின்னால நிண்டு தாலி முடிச்சுக்குக் கை குடுத்தா. கதிரையள்ள இருந்த எங்கட சனம் ஒருத்தற்ர காதுக்குள்ள ஒருத்தர் குசுகுசுத்தது. போன்கள் எல்லாம் மேல எழும்பிச்சு.

சாப்பாட்டுக்கு முன்னம் இரண்டு பகுதி ஆக்களையும் அறிமுகப்படுத்திறது வழக்கம், எங்கட பெடியன் ஒருத்தன் மைக்கோட நிண்டவன். என்ர மனிசன் எழும்பினார். மைக்கைக் கண்டாலே வேர்க்கிற மனிசன். முதலில அந்தப் பிள்ளையிட்டப் போய் மெல்லமா ஏதோ கேட்டார். அவ அவரை வடிவாப் பாத்திட்டுத் தலையாட்டினா. பேந்து பெடியன்ர கையிலயிருந்து மைக்கை வாங்கினார்.

"இவ மாப்பிள்ளையின்ர தமக்கை" எண்டார். கொஞ்சம் நிப்பாட்டி அவவின்ர கையைப் பிடிச்சார்.

"என்ர பெறாமகள்."

கூடப்பிறந்ததின்ர பிள்ளையைத்தான் நாங்கள் அப்பிடிச் சொல்லுறது. அந்த மண்டபத்தில இருந்த எங்கட சனம் எல்லாருக்கும் தெரியும், அவருக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு அண்ணை.